ஜமீலாக்காவும் தானாக அழுந்திய விசைகளும்

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. ஜமீலாக்காவின் மகள். "அம்மா மௌத்தாயிட்டாங்க அத்தை, போயிட்டாங்க." தீக்குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

நம் இலவச வைத்தியசாலைக்கு வந்துபோகும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். துடியலூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டே இங்கும் வந்து உதவியவர். நான் இங்கே நோயாளிகளின் சீட்டுகளையும் வரவு செலவையும் பார்ப்பவள். எல்லாம் நானாகக் கற்றது. அதனால் எங்கே தப்பு நேர்ந்துவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு.

நான் சொல்ல வருவது முன்பொரு கண் அறுவை முகாமுக்கு முந்தின நாள் மதியம் நடந்தது. புதிய மென்பொருளில் பெயர்கள் ஏறியிருந்தன. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்ற குறிப்பு மட்டும் ஏற வேண்டும். பழைய கோப்பை அது வாங்கிக்கொள்ளவில்லை. ஜமீலாக்கா ஒரு புரோகிராம் எழுதினார். ஆள் உட்கார்ந்து தட்டுவதைப் போலவே அது விசைகளை அனுப்பும்: ஒரு குறிப்பு, ஒரு என்டர், அடுத்தவரின் வரி.

கை படாமல் திரையில் எழுத்து விழுவதைப் பார்த்து, "முருகா" என்றேன்.

"ஏனுங்க அம்மணி, பேயக் கண்டாப்பல நிக்கறீங்க?" என்று சிரித்தார். என் பயம் தெளியட்டும் என்று, நான் கோயிலிலிருந்து கொண்டுவந்த தேங்காய் மூடியை எடுத்துக் கீபோர்டின் ஓரத்தில் வைத்தார். "உங்க சாமியும் பக்கத்துல இருந்து பாத்துக்கட்டுமுங்க."

அதே மேசையில் பிரிண்டரும் ஓட, மேசை ஆடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் மனம் கேளாமல் நோயாளிகளின் பழைய சீட்டுகளைத் திரையோடு ஒத்துப் பார்த்தேன். பென்சிலின் ஆகாத ரங்கசாமி அய்யாவின் வரியில் 'எதுவுமில்லை' என்றிருந்தது. பென்சிலின் அடுத்த வரியில், வேறொரு அம்மாவின் பெயருக்கு நேராக நின்றது. சீட்டை ஜமீலாக்காவிடம் நீட்டினேன்.

அவர் கீபோர்டைப் பார்த்தார். மூடி நகர்ந்து என்டர் விசையை ஒட்டிக் கிடந்தது. நடுவில் எப்போதோ ஒருமுறை அதை அழுத்தியிருக்கிறது. அதற்குப் பின் வந்த குறிப்புகளெல்லாம் ஒரு வரி இறங்கிவிட்டன.

"ஒருத்தருதானுங்களே, பேனாவுல திருத்திக்கலாம்" என்றார் பட்டியலை வாங்க வந்திருந்த முகாம் பொறுப்பாளர்.

"இல்லீங்க. எத்தன பேருக்கு மாறுச்சுன்னு இன்னும் தெரியாதுங்க. தப்பு நாஞ் செஞ்சது. இந்தப் பட்டியலைக் கையில வாங்காதீங்க" என்றார் ஜமீலாக்கா.

குறிப்புகள் அனைத்தையும் அழித்தார். ஒவ்வொரு குறிப்பையும் தட்டும் முன் திரையிலுள்ள பெயரைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் நின்றுவிடும்படி புரோகிராமை மாற்றினார். எழுதிய ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படித்தார். நான் பார்ப்பதைக் கண்டு சொன்னார்: "பயந்துட்டு வேலை செய்யறது கேவலமில்லீங்க அம்மணி. பயம் உட்டுப்போச்சுன்னாத்தான் பயப்படோணும்."

மறுநாள் பட்டியல் சரியாக இருந்தும், சீட்டும் கையுமாக வாசலில் நின்று எந்த மருந்து ஆகாது என்று ஒவ்வொருவரையும் வாய்விட்டுக் கேட்டார். ரங்கசாமி அய்யா சலித்துக்கொண்டார்: "எத்தன தடவைதான் கேப்பே கண்ணு?"

"நீங்க கோவிச்சுக்கற வரைக்கும் கேப்பேனுங்கய்யா."

அடக்கம் முடிந்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, அவர் நின்ற வாசலில் நான் நின்றேன். கால் புண்ணுக்கு மருந்து கட்ட ரங்கசாமி அய்யா வந்தார். கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும், எந்த மருந்து ஆகாது என்று கேட்டேன். "அந்தம்மணி போயும் இந்தக் கேள்வி போகலையா?" என்று கோபித்துக்கொண்டார், சொல்லும்போதே அவர் கண் நிறைந்தது.

நான் சீட்டைக் கீழே வைக்கவில்லை. "சொல்லுங்கய்யா" என்றேன்.