இரும்புக் கூடையின் கயிறு

கதவு, ஜன்னல் அளவுகளைத் தவிர நான் எதையும் எழுதி வைத்தவனில்லை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், அவ்வளவுதான். சிலைகளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவற்றில் ஒன்றை இரும்பில் ஒட்டியவன் நான் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். முதலாளி முஸ்லிம், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் அவரை நானா என்போம். ஒருநாள் அவரைத் தேடி ஒரு பெண் வந்தார். கண்டி டவுனில் வளர்ந்த தமிழர், சிற்பி. சிற்பி என்றால் கோயிலில் உளியும் கையுமாக இருப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் கையில் ஒரு கொப்பி மட்டும் இருந்தது. அதில் அவர் வரைந்த படங்கள். தகரத்தால் ஒரு காகிதக் கப்பல், ஆள் ஏறி உட்காரும் அளவுக்கு. தூக்கிப்போட்டு விளையாடும் ஐந்து கற்கள், ஒவ்வொன்றும் உட்காரும் கதிரை உயரத்துக்கு. கடைசியாகக் கம்பியில் ஒரு தேயிலைக் கொழுந்துக் கூடை, என்னைப்போல் இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் ஒரு புல்வெளியில் வைக்கப் போகிறார்களாம். பிள்ளைகள் ஏறி விளையாடலாமாம்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"ஏன் மிஸ் இவ்வளவு பெரிசு?"

"கூடையக் கண்டப்ப எனக்கு ஆறு வயசு அண்ணே. அது இவ்வளவு பெரிசாத்தான் இருந்துச்சு."

அந்தப் பதில் பல நாள் என்னை விடவில்லை. அடுத்த ஞாயிறு, ஹுன்னஸ்கிரியவில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொட்டும் பீலியைப் பார்க்கப் போனேன். சின்ன வயதில் எனக்கு எட்டாத பீலி. இப்போது என் இடுப்புக்கு வந்தது. பீலி குறுகாது என்று தெரியும். ஆனாலும் சாண் போட்டு அளந்து பார்த்தேன்.

கப்பலும் கற்களும் முதலில் போய்விட்டன. கூடை கடைசி. சனிக்கிழமை திறப்பு விழா, வெள்ளி மாலை லொறி வரும். வெள்ளி காலையில் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்க, நானா படத்தையும் கூடையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன வேலடா செஞ்சீக்கிறே?"

படத்தில் கூடையின் முதுகு படும் பக்கத்தில், ஸ்கூல் பேக்குக்கு இருப்பது போல, இரண்டு தோள்வார்கள் இருந்தன. நான் செய்த கூடையில் அவை இல்லை. அதன் விளிம்பிலிருந்து ஒரே ஒரு பைப் வளைந்து, முன்னால் ஆளின் தலைக்கு மேலே நின்றது. கூடையின் பாரத்தைத் தாங்க, கொழுந்து எடுப்பவர்கள் தலையில் மாட்டும் கயிறு அது. எத்தனையோ நாள் அந்தப் படத்தைப் பார்த்து வேலை செய்திருக்கிறேன். கயிற்றைத்தான் கண்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன்.

"வெட்டு. மிஸ் ரெண்டு மணிக்கு வாறாங்க."

கிரைண்டரைக் கையில் எடுத்தேன். சுவிட்சைப் போட மனம் வரவில்லை.

"வெட்டினா கூடை விழுந்துரும் நானா."

"இரும்புக் கூடை எப்படிடா விழும்? ஒனக்கு மூளை ஈக்குதா?"

 கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடத்தில் நானா சொன்ன வேலையைச் செய்யாமல் நின்றது அன்றைக்குத்தான். அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மிஸ் இரண்டு மணிக்கு வந்தார். கூடையை ஒரு சுற்றுச் சுற்றினார். பைப்புக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி.

"இது யாரு தலைக்கு அண்ணே?"

"எங்கம்மா தலைக்கு."

"அவ்வளவு உயரமா?"

"நான் அப்ப சின்னப் புள்ள தானே மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. தோள்வாரைத் தான் கண்ணால் கண்டதாகவும், அதனால்தான் வரைந்ததாகவும் சொன்னார். எங்கே கண்டீர்கள் என்று கேட்டேன். ஸ்கூலுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து, என்றார். கொழுந்து எடுப்பவர்கள் வரிசையாக மலை ஏறிப் போவார்களாம்.

"அப்ப பின்னாலருந்து பார்த்திருக்கீங்க. தலையில துணி போட்டிருந்தா கயிறு தெரியாது, தோளுக்கு மேல வார் மாதிரித்தான் இருக்கும். நான் புள்ளக்காம்பராவுல இருந்தேன் மிஸ்."

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம் அது. பகலில் அம்மா வருவார். வாசலில் நிற்கும் எனக்கு முதலில் தெரிவது அந்தக் கயிறும், அதற்குக் கீழே மடித்து வைத்த துணியும்தான். முகம் பிறகுதான். அவர் தலையில் கயிறு பதிந்த தடம் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையும் போகாது. இதையெல்லாம் சொன்னேன். இவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம்.

ஒரு சாக்கில் பழைய கம்பித் துண்டுகளைப் போட்டு, கயிறு கட்டி, தலையில் மாட்டி நடந்தும் காட்டினேன். மிஸ் தானும் மாட்டிப் பார்த்தார். நாலு எட்டு வைப்பதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கயிறு இருக்கட்டும்," என்றார். பிறகு கொப்பியைப் பார்த்தார். "நான்தான் பிழையா வரைஞ்சிட்டேன்."

அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"நீங்க கண்டதும் கண்டதுதானே மிஸ். லொறி வர நேரம் இருக்கு. முதுகுப் பக்கமா ரெண்டு வாரையும் ஒட்டிர்றேன்."

நானா தலையில் கை வைத்தார். "தலையிலயும் ஒண்டு, தோள்ல ரெண்டு! யாருடா அந்தப் பாவம் புடிச்ச பொம்புள, இதச் சொமக்க?"

மிஸ் சிரித்துவிட்டார். லொறி வந்தபோது தோள்வார்களில் பெயின்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

மறுநாள் மழை. விழாவுக்கு நான் போகவில்லை. நானா போய்வந்து, பிள்ளைகள் வரிசையாக அந்தக் கயிற்றில்தான் தொங்கினார்கள், கூடை விழவில்லை என்றார். நான் பட்டறையில் ஒரு இரும்பு கேட்டுக்குக் கீல் ஒட்டினேன்.