ஜெபமணி சிஸ்டரும் பூட்டியிருந்த வீடும்

காலையில் கடையைத் திறந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. பட்டாசுத் தொழில் நடக்கிற எங்கள் பக்கத்தில் வேலை நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். நானும் அதையே கேட்டேன்: "எங்க வெடிச்சது?"

"வெடியெல்லாம் இல்லீங்க," என்றாள் என் மனைவி. "நம்ம ஜெபமணி சிஸ்டர் தவறிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாகளாம்."

வெடி இல்லை என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அடுத்த கணம்தான் அவள் சொன்னது உறைத்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் வீட்டில் யாராவது அந்த வார்டில் கிடந்திருந்தால் அவரிடம் அதட்டு வாங்கியிருப்பீர்கள். அழுதிருந்தால் உங்கள் தோளையும் அவர் பிடித்திருப்பார். கணவர் காலமாகி, மகன் வெளிநாட்டில் குடியேறிய பிறகு எங்கள் தெருவில் தனியாக இருந்தார். நான் காலண்டர் வியாபாரம் செய்பவன். தெரு நலச் சங்கத்துக்குப் பெயருக்கு ஒரு செயலாளர். எனக்கு உண்மையான வேலை கொடுத்தவர் அவர்தான்.

பட்டாசு பேக்டரி வேன் வந்து நிற்கும் முக்கில் தெருவிளக்கு எரியாமல் கிடந்த சமயத்தில், இருட்டில் நின்ற ஒரு பெண் திறந்த சாக்கடையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். அன்றே சிஸ்டர் நகராட்சி அலுவலகம் போனார். விளக்கு எரியும்வரை தினமும் போனார். அங்கிருந்த ஒருவர் சலித்துப்போய், "உங்களுக்கு வேற சோலி இல்லையாம்மா?" என்று கேட்டாராம். "எனக்கு இப்ப இதான்யா சோலி," என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாராம். விளக்கு வந்தது. சாக்கடைக்கு மூடியும் வந்தது. தெருவே அவரைப் பாராட்டியது. அதுவரை எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

பிறகுதான் அந்த வீடு. எங்கள் தெருவின் நடுவில், அங்கன்வாடியை ஒட்டி, வெளியூர்க்காரருக்குச் சொந்தமான பழைய வீடு. அதை யாரோ வாடகைக்கு எடுத்தார்கள். முன்கதவு எப்போதும் பூட்டியே கிடந்தது. மதியத்தில் ஒரு வேன் வந்து பின்பக்கமாக மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். தெருப் பெண்கள் சிலர் பின்வாசல் வழியே உள்ளே போய், சாயங்காலம் கறுத்த விரல்களோடு வெளியே வந்தார்கள். பட்டாசுக்கு வைக்கிற, வெடிமருந்து தோய்த்த கருந்திரி. வீட்டுக்குள் வைத்து அதைச் சுற்றக் கூடாது என்பது இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டைத் தாண்டும்போது நான் பீடியை அணைத்துவிட்டு நடக்கப் பழகியிருந்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து அந்தத் தீ ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும் அணைப்பேன். என் மனைவி அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

சிஸ்டர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, மனு எழுதிவிட்டதாகவும் என் கையெழுத்தும் வேண்டும் என்றும் சொன்னார். பெயர் போடாமல் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"பேரு இல்லாத காகிதம் குப்பைக்குத்தான் போகும்," என்றார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. பயம் பாட்டுக்கு இருக்கட்டும். பயந்துக்கிட்டே போவோம்," என்றார்.

கையெழுத்துப் போட்டேன். இருவருமாகத் தாலுகா அலுவலகம் போய்க் கொடுத்தோம். சில நாளில் என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அன்று மதியமும் வேன் வந்தது.

அதற்கடுத்து, அந்த வீட்டை நடத்துகிற மனிதர் சிஸ்டர் வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மரியாதையான பேச்சு. சிஸ்டர் ஆள் அனுப்பியதால் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் தனக்கு மத்தாப்பு சுட்டபோது சிஸ்டர்தான் கட்டுப் போட்டார் என்று அவர் நினைவுபடுத்தினார். காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்திருக்கும்போது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒத்தையில இருக்கீக சிஸ்டர். ராத்திரி கதவ நல்லாப் பூட்டிக்கோங்க," என்றார்.

"பூட்டிக்கிறேன்யா," என்றார் சிஸ்டர். "நீ அந்த வீட்டத் தெறந்து காலி பண்ணு."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் வண்டிச் சத்தம் தேயும்வரை சிஸ்டர் நின்றபடி இருந்தார். பிறகு பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்தவரின் உதடு வெளுத்திருந்தது. அன்றிலிருந்து பல நாள் என் மனைவி அவர் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். மகன் போனில் தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சினான். அவனைச் சமாதானப்படுத்தினாரே தவிர, கிளம்பவில்லை.

விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்க் குறைதீர்க்கும் கூட்டத்தில் மறுபடி மனு கொடுத்தோம். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் பின்னால் வருகிற ஒவ்வொரு பைக்கையும் நான் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே துடைத்துவிட்ட தரைதான் இருந்தது. செய்தி எந்த வழியில் போயிற்று என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வந்தவர்கள் போனதும் மூட்டைகள் திரும்பின.

அதன் பிறகு தெரு அவரோடு பேசுவதை நிறுத்தியது. அங்கே வேலை பார்த்த பெண்களில் ஒருத்தி மாரியம்மா, சிஸ்டருக்கு எதிர்வீடு. படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை விட்டுவிட்டு அவளால் வேனேறி பேக்டரிக்குப் போக முடியாது. அவள் வந்து வாசலில் நின்று சொன்னதை நானும் கேட்டேன். "எங்க வயித்துல அடிக்காதீக சிஸ்டர். வெடிச்சா நாங்கதான சாவோம். உங்களுக்கென்ன?"

அவள் போன பிறகு சிஸ்டர் என்னிடம், "அவ சொல்றது நெசந்தான். அவளுக்கு வேற வேல நான் குடுக்க முடியுமா?" என்றார். இரண்டு நாள் வெளியே வரவில்லை.

மூன்றாவது மனு வேறு மாதிரியானது. அங்கன்வாடி கூரையில் விரிசல் இருக்கிறது, காரை உதிர்கிறது என்று எழுதினார். உண்மைதான், எங்கள் ஊரில் எந்தக் கட்டடத்தில்தான் விரிசல் இல்லை? இந்தப் புகாரால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை. இன்ஜினியர் வந்து பார்த்தார். பழுது பார்க்கும்வரை பிள்ளைகளைத் தெருக் கோடியில் உள்ள சமுதாயக் கூடத்துக்கு மாற்றச் சொன்னார். பாயும் பொம்மைகளும் தட்டுகளும் போனதை சிஸ்டர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பிள்ளையும் போன பிறகுதான் அவர் எதற்காக அந்த மனுவை எழுதினார் என்று எனக்குப் புரிந்தது.

வெடித்தது தீபாவளி சீசனில், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு. என் கடையில் அடுக்கியிருந்த காலண்டர் கட்டுகள் சரிந்து விழுந்தன. எந்தத் திசை என்று ரோட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் ஓடினேன். தெரு முழுக்க வெள்ளைப் புகை. அந்த வீடு இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. அங்கன்வாடியின் சுவர், பிள்ளைகள் மதியம் படுத்துத் தூங்கும் இடத்தின் மேல் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது. அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் குனிந்து செங்கலைப் புரட்டிப் பார்த்தேன்.

சிஸ்டர் எனக்கு முன்பே வந்திருந்தார். பின்பக்கம் வேலியோரம் கிடந்த மாரியம்மாவின் கைகளில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். சுட்ட இடத்தில் இங்க் ஊற்றும் பழக்கத்தில் யாரோ இங்க் பாட்டிலோடு ஓடி வந்தார்கள். "இங்க் ஊத்தாதீக. தண்ணி, தண்ணி மட்டும்," என்றார். வார்டில் கேட்ட அதே அதட்டல். ஆம்புலன்ஸில் அவளோடு ஏறிப் போனார்.

மாரியம்மா பிழைத்தாள். ஆனைக்குட்டம் கிராமத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் பிழைக்கவில்லை. அவள் பெயரே எங்கள் தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது.

தெருவில் எல்லாரும் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய் என்றார்கள். அந்தப் பேச்சை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தவர், "புள்ளைகள நகத்திட்டேன் அண்ணாச்சி. பொம்பளைகள நகத்த முடியலையே," என்றார். அதன் பிறகு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நான் பலமுறை பார்த்தேன்.

அந்த வீட்டை நடத்தியவர்மேல் வழக்கு நடக்கிறது. சிஸ்டர் சாட்சி சொல்லக் காத்திருந்தார். அதற்குள் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கொள்ளவில்லை. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது மாரியம்மா என்னை நிறுத்தினாள். பின்தெருவில் ஒரு வீட்டுக்கு வேன் வர ஆரம்பித்திருக்கிறது என்றாள். என் முகம் மாறியதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"மனுவுல எம் பேர மொதல்ல போடுங்கண்ணாச்சி," என்றாள்.

மறுநாள் மனுவோடு தாலுகா அலுவலகம் போனோம். அவள் விரல்கள் மடங்கி ஒட்டிவிட்டன. பேனா பிடிக்க வராது. பெருவிரலில் மை தடவி அழுத்தினால் வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது; ரேகை இல்லை. மனுவை வாங்கிய இளைஞர் அந்தத் திட்டையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். இது செல்லாதே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் முத்திரை குத்தினார்.

சிஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மனுவைக் கொடுத்த பிறகு, வாங்கியவரின் பெயரைக் கேட்காமல் அவர் எந்த ஜன்னலைவிட்டும் நகர்ந்ததில்லை. பெயரைச் சொன்ன மனுஷனுக்கு வாங்கின மனு மறக்காது என்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வழக்கம்தான். பின்தெரு வீட்டின் முன்கதவு இதை எழுதும் இன்றும் பூட்டியே கிடக்கிறது; வேன் வருவதும் நிற்கவில்லை. மதியமானால் என் காது தானாகவே அந்தத் திசைக்குப் போகிறது.

அன்று அந்த ஜன்னலில் நான் கேட்டேன்: "உங்க பேரு என்ன தம்பி?"

அவர் தலை நிமிராமல் வேறொரு காகிதத்தை எடுத்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். மாரியம்மா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவர் பெயரைச் சொல்லும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.