வலிப்பே இல்லாதவருக்கு வலிப்பு மாத்திரை

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மதியம். எங்கள் ஊர் மாசாயில், வீட்டு வாசலில் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு, ஏறு ஏறு என்று அவசரப்படுத்தினார் என் வீட்டுக்காரர். ஏழெட்டு மணி நேரம் ஓட்ட வேண்டிய பினாங்குக்கு உடனே போய்க் கடல் பார்க்க வேண்டுமாம். மாற்றுத்துணிகூட எடுக்கவில்லை. தூக்கமில்லாமல் அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன. மகள் ஏற்கெனவே பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் நான் ஏறாமல் என்ன செய்வது?

அவருக்கு இருமுனை மனநோய் உண்டு. ஒரு சமயம் உற்சாகம் தலைக்கேறும், ஒரு சமயம் படுக்கையை விட்டே எழமாட்டார். அதற்கு மருத்துவர் கொடுத்தது வலிப்புக்கும் கொடுக்கிற மாத்திரை. மனம் ஏறி இறங்காமல் நிற்கவும் அது உதவும் என்று விளக்கியிருந்தார். அதைச் சாப்பிட்டுப் பல வருஷம் நன்றாகவே இருந்தார்.

பாசீர் கூடாங் தொழிற்சாலையில் அவர் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் கேண்டீனில் அந்த மாத்திரையைப் பார்த்து, தன் மகளுக்கும் வலிப்புக்கு இதையேதான் கொடுக்கிறார்கள் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். பக்கத்து மேசைக்குக் கேட்டது. போதாதா? வலிப்புக்காரனிடம் வண்டியைக் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்து, இவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். என்னிடமும் மூச்சு விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அந்தத் தம்பியே எனக்குப் போன் செய்தார். அண்ணன் பேச்சை நிறுத்துவதே இல்லை, மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார். தேடினேன். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. அதைப் பற்றிக் கேட்பதற்குள்தான் இந்தப் பயணம்.

நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே கார் பறந்தது. நிறுத்தச் சொன்னால் இன்னும் வேகமாக மிதிப்பார் என்று எனக்குத் தெரியும். மகளுக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டுமாம் என்று பொய் சொன்னேன். நல்லவேளை, பெட்ரோல் நிலையத்தில் திருப்பினார்.

கழிப்பறைக்குள் நின்று அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, இடத்தைச் சொல்லி வரச் சொன்னேன். வெளியே வந்தால், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் இவர்! மறுபடி காரை எடுத்துவிடுவாரோ என்று பயந்து, நானும் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டு இழுத்தடித்தேன். ஒருவழியாக அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"சாவியக் குடுங்கண்ணே, நான் ஓட்டுறேன்."

"உன்னாலதான்டா எனக்கு வலிப்புக்காரன்னு பேரு!" கையை ஓங்கிவிட்டார் இவர்.

அந்தத் தம்பி ஒரு அடிகூட நகரவில்லை. "தெரியும்ணே. அதான் வந்தேன். மாத்திரைய விட்டா என் மக விழுந்துடுவா. நீங்களும் இப்ப விழுந்துகிட்டுதான் இருக்கீங்க. உங்களுக்குத் தெரியல லா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. மகள் என் முதுகுக்குப் பின்னால் விம்மினாள். இவர் அவளைப் பார்த்துக் கையை இறக்கினார். பிறகு சாவியை நீட்டினார். கார் நேராக மருத்துவமனைக்குப் போனது.

தேறி வர நாளானது. மருத்துவர் சரி என்ற பிறகுதான் வண்டியைத் தொட்டார். இப்போது கேண்டீனில் எல்லோர் முன்னாலும் மாத்திரையைப் போடுகிறார், கேட்டால் எதற்கென்று அவரே சொல்கிறார். ஊர் அதற்கு என்ன பெயர் வைத்தாலும், என் மகளுக்கு அவள் அப்பாவைத் திருப்பிக் கொடுத்த மாத்திரை அது என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.