பயன்பாட்டில் இல்லாத பாதை

நான்கு தாள்கள். இடது ஓரத்தில் ஸ்பைரல் போட்டு, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அட்டை. இரண்டாம் தாளில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் மை பூசியிருந்தது. தாலுகா அலுவலகத்தின் நீள மேசைமேல் அதை வைத்து, அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் தாசில்தார் பக்கமாக மெல்லத் தள்ளினார். எதிரில் எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேர். நடுவில் அண்ணன். அவனுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில், நான். தாசில்தார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மஞ்சள் வரியை வாய்விட்டுப் படித்தார். "ஊரின் பழைய சுடுகாடும் அதற்குச் செல்லும் பாதையும் தற்போது பயன்பாட்டில் இல்லை." இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊரைப் பற்றிய பக்கம் அது. அந்த வரியை எழுதியவன் நான்.

அண்ணன் என்று நான் சொல்வது என் பெரியம்மா மகனை. எனக்கு மூன்று வயது மூத்தவன். எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டுத் தண்ணீர் லாரியில் ஏறியவன். அப்போது சொந்தமாக வண்டி இல்லை, பிறகும் இல்லை. வானகரத்துக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவில், நாற்புறமும் அடுக்குமாடிகள் எழும்பிய பிறகும் நாலு தெருவாகப் பிழைத்துக் கிடக்கிற ஒரு பழைய ஊர் எங்களுடையது. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் தேடுவீர்கள்; தேடினால் அந்த வரிதான் முதலில் கிடைக்கும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் எந்த ஊர் என்று கேட்டார்கள். ஊர்ப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எங்கே இறங்குவாய் என்றார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவுகிற பெயரையே வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன்: சுடுகாட்டு ஸ்டாப். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு என் பெயரே சுடுகாடு. "சுடுகாடு வந்தாச்சா, அட்டெண்டன்ஸ் எடுங்க சார்" என்பான் ஒருவன், வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். இரண்டாம் வருடம் ஒரு பாடத்துக்காக, அவரவர் ஊரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஏரி, கோயில், பேருந்து எண்கள், பள்ளிகள் எல்லாம் எழுதினேன். கடைசியில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். யாரையும் ஏமாற்ற எழுதவில்லை. ஊர் முன்னேறிவிட்டது என்று காட்ட எழுதினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எழுதிய வாரத்தில் அந்தப் பாதை வழியாக ஒரு பாடை போனது. வகுப்பு இருக்கிறது என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிறகு அந்தப் பாதையின் இருபுறமும் அடுக்குமாடிகள் வந்தன. பறை அடிக்கிறார்கள், வெடி போடுகிறார்கள், பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று முதலில் புகார். பிறகு ஒரு நாள் பாதையின் வாயில் இரும்புக் கதவு. கதவுக்குக் காவலாளி. ஊர்க்காரர்கள் கூடி நின்று சத்தம் போட, போலீஸ் வந்து, இரு தரப்பும் ஆதாரத்தோடு தாலுகா அலுவலகத்துக்கு வரட்டும் என்றாகிவிட்டது. முந்தின நாள் மாலை அண்ணன் லாரியை எங்கள் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். வரும்போதே சிரிப்பு. "டேய், ஊரே உன்னத்தான் நம்பிகினு கீது. நீ நடுப்புற ரெண்டு இங்கிலீசு போடு, அவுங்க அடங்கிடுவாங்க. மத்தத நான் பாத்துக்கறேன்." என் அப்பா, "அவன் ஊட்லயே வாயத் தொறக்க மாட்டான், அங்க போயி இன்னாத்த பேசப் போறான்" என்றார். அண்ணன் விடவில்லை. எங்க வக்கீலு, எங்க வக்கீலு என்று என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தான். அந்தக் கையின் கனம் எனக்குப் பெருமையாக இருந்தது.

செயலாளரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. தென் மாவட்டத்திலிருந்து வந்து, ஓய்வுக்குப் பிறகு மகனோடு இருக்கிறவர். யாரையும் ஒருமையில் பேசவில்லை. தாசில்தார் வரியைப் படித்து முடித்ததும் அண்ணன் எழுந்து நின்றான். வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையிலேயே வந்திருந்தான்.

"சார், போன ஐப்பசில எங்கப்பாவ அங்கதான் பொதச்சேன். நானேதான் குழி வெட்டனேன். முட்டி ஆழத்துலயே தண்ணி வந்துடுச்சு. பக்கெட்ல எறைச்சு எறைச்சு வெட்டனேன். இன்னா சார் பயன்பாட்டுல இல்ல?"

செயலாளர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம் தம்பி. நான் மறுக்கல. ஆனா அது நீங்க சொல்றது. இது உலகமே பாக்குற பதிவு. எழுத்துல உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். நான் எழுந்து, இது தவறான தகவல் சார், யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம், இதை ஆதாரமாக வைக்கக் கூடாது என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். செயலாளர் தாளைத் திருப்பிக் கீழே விரலை வைத்தார். அடிக்குறிப்பு இருந்தது. நான் எழுதியபோது இல்லாத அடிக்குறிப்பு. ஒரு நாளிதழின் வட்டார இணைப்பில் எங்கள் ஊரைப் பற்றி வந்த கட்டுரையாம். அதையும் அச்செடுத்து வைத்திருந்தார். படித்தேன். ஏரி, கோயில், பேருந்து எண்கள், பள்ளிகள், எல்லாம் நான் எழுதிய அதே வரிசையில். கடைசியில் என் வரி, ஒரு எழுத்து மாறாமல். அவர்கள் என்னிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். பிறகு யாரோ ஒரு நல்ல மனிதர், ஆதாரமில்லாமல் கிடந்த என் வரிக்கு அதையே ஆதாரமாகக் கட்டியிருக்கிறார். ஒரு பொய் வெளியே போய், சட்டை மாட்டிக்கொண்டு, சாட்சியாகத் திரும்பி வந்திருந்தது.

அதை உடைக்க ஒரு வாக்கியம் போதும். எழுதியது நான், எனக்கு அப்போது பத்தொன்பது வயது, வெட்கப்பட்டு எழுதினேன். கைபேசியில் அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தால் என் பயனர் பெயர் அங்கேயே இருந்திருக்கும். அண்ணன் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

கிராமப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்வோம், அதுவரை கதவு இருக்கட்டும் என்று தாசில்தார் எழுதினார். வெளியே வந்ததும் அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னான். எனக்குக் கையில் கொடுக்கும்போது, "உடு, நீ நல்லாத்தான் பேசுன. அந்தாளு பேப்பரு வெச்சிருந்தான், நம்ம கிட்ட இல்ல. அவ்ளோதான்" என்றான். தோற்ற ஆளுக்கு ஆறுதல் சொல்கிற குரல். அந்த டீயை என்னால் முழுக்கக் குடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் அலைந்தான். லோடு இல்லாத மத்தியானங்களில், ஈர லுங்கியை மாற்றிக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர், சர்வே பிரிவு, பதிவறை என்று. நாளைக்கு வா என்றால் நாளைக்குப் போனான். எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

கதவு மூடியிருந்த அந்த நாட்களில்தான் பெரியம்மா இறந்தாள். என் அம்மா வேலைக்குப் போன காலத்தில் எனக்குச் சோறு ஊட்டியவள். தெருக்கோடியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்துக்கு, வேன் பிடித்து, பைபாஸ் ஏறி இறங்கி, லாரிகளுக்கு நடுவே நின்று நின்று, சுற்றுவழியில் போனோம். வேனுக்குள் அண்ணன் தன் அம்மாவின் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தே வந்தான். ஒரு திருப்பத்தில், "மெதுவா ஓட்டுப்பா" என்றான். நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு நாள் கழித்துப் பதிவேட்டின் நகல் கிடைத்தது. யாரோ ஒரு பழைய குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்தில், சர்வே எண்ணுக்கு நேராக, மயானம் என்றும், பக்கத்து எண்ணுக்கு நேராக, அதற்குப் போகும் பாதை என்றும் இருந்தது. இரண்டே வரி. தாசில்தார் உத்தரவு போட்டார்; கதவைக் கழற்றினார்கள். செயலாளரே வந்து, தவறாக நினைக்காதீர்கள், நாங்கள் படித்ததை நம்பினோம் என்று அண்ணனிடம் சொன்னாராம். அன்று மாலை அண்ணன் நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மொட்டையடித்த தலையில் முள்முள்ளாக முடி வந்திருந்தது.

"இத அந்தப் பக்கத்துல ஏத்துடா. எந்தக் கம்னாட்டி எழுதனானோ, எங்கம்மாவ ஊரு சுத்த வெச்சுட்டான்."

"நான்தான்ணா எழுதினேன்" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்தான். சுடுகாட்டு ஸ்டாப், கல்லூரி, கேலி, எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். சொல்லி முடித்தபோது, இவ்வளவும் ஒரு காரணமே இல்லை என்று எனக்கே பட்டது. அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அன்னிக்கி தாசில்தார் ஆபீஸ்ல, அவுரு படிக்கறப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா."

நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் பிறந்ததிலிருந்து டேய் என்றே கூப்பிட்டவன், செருப்பை மாட்டிக்கொண்டே, "சரிங்க" என்றான். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

இப்போது முகப்பேரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் கூடத்தான். அந்த வரியைப் பலமுறை நீக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும், ஆதாரமுள்ள தகவலை நீக்க வேண்டாம் என்று யாரோ மீட்டு வைக்கிறார்கள். பதிவேட்டில் இருக்கிறது என்று எழுதினேன். அச்சில் வெளியான நூலோ கட்டுரையோ வேண்டும், தனிப்பட்ட முறையில் அறிந்தது ஏற்கப்படாது என்று பதில் வந்தது. விதி நியாயமானதுதான். அதை முதலில் மீறியவன் நான். முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால், ஊர் விஷயமாக இப்போது என்னோடு பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பக்கம் போனேன். பாதை முழுக்க ரோஜா இதழும் சாமந்தியும் இறைந்து கிடந்தன. வாடவில்லை, காலையில்தான் பாடை போயிருக்க வேண்டும். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முதலில் வாலிபப் பையன்களுக்குத்தான் போன் போகும். என் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடுக்குமாடி வாசலில் நின்ற காவலாளியிடம் யார் இறந்தது என்று கேட்டேன்.

"யாரோ ஊர்க்காரங்க சார். நீங்க எந்த பிளாக்கு?"

பிளாக் இல்லை என்றேன்.

"அப்ப ஊரா?"

ஊர் என்றால் போனது யார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூவில் கால் படாதபடி ஓரமாகவே நடந்தேன்.