அவளுக்கு வந்த பொறுமை

என் மனைவிக்கு வயதாக ஆகப் பொறுமை வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கல்யாணமான புதிதில் அவள் அப்படி இல்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் முத்தின வெண்டைக்காய் வாங்கி வந்தால் போதும். வெண்டைக்காயில் ஆரம்பித்து, என் தங்கை கல்யாணப் பந்தியில் அவள் அண்ணனை யாரும் கவனிக்காமல் விட்டது வரைக்கும் நிறுத்தாமல் போவாள். நடுவில் ஒரு வார்த்தை சொருக எனக்கு இடம் கிடைக்காது. எதிர்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அடங்கியது. காய் முத்தலாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் முனையை ஒடித்துப் பார்த்து, ஆகாததை ஒதுக்கிவிடுவாள். காலை நடையில் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். அவர்களுக்குப் பொறாமையாக இருக்கும்.

ஆஸ்துமா அவளுக்குப் பல வருஷமாக உண்டு. கைப்பையில் இன்ஹேலர் இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள். பனிக்காலத்தில் இழுக்கும், வெயில் வந்தால் சரியாகும் என்று இரண்டு பேரும் பழகிவிட்டோம். போன போகியன்று தெருவில் யாரோ பழைய டயரைக் கொளுத்தினார்கள். அந்தப் புகையில் அவள் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டீராய்டு மாத்திரையை விடவே முடியவில்லை. மாத்திரை மலிவுதான். ஆனால் அவள் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, குளியலறையில் லேசாகச் சறுக்கினதற்கே மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அடையாறில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். சின்ன வயதுப் பெண். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, இதே மாத்திரையோடு காலம் தள்ளுவது. இன்னொன்று, மாதா மாதம் போட வேண்டிய புதுவகை ஊசி. அதன் விலையைக் கேட்டதும் எனக்கே மூச்சு முட்டியது. எல்லோருக்கும் அது கேட்காது, சில மாதம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும், கேட்டால் பிறகு விடாமல் போட வேண்டும் என்றார்.

இன்ஷூரன்ஸ்காரனிடம் கேட்டேன். படுக்கையில் சேர்த்தால் தருவார்களாம், வந்து ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் தரமாட்டார்களாம். மூச்சு நின்றால் பணம் உண்டு, நிற்காமல் பார்த்துக்கொண்டால் கிடையாது. என்ன நியாயமோ, எவன் எழுதினானோ. உறவுக்காரர்கள் தூதுவளை, கற்பூரவல்லி, உயிர்மீன் விழுங்குவது என்று ஆளுக்கொரு வைத்தியம் அனுப்பினார்கள். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கையில் பணமே இல்லை என்றால் யோசனைக்கு இடமில்லை. இருந்ததுதான் கஷ்டம். சொந்த வீடு என் பைத்தியம். சுவரில் ஒரு ஆணி அடிக்க இன்னொருவனிடம் கெஞ்சிக் கெஞ்சியே என் தலை நரைத்தது. மேடவாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்து, முன்பணம் கொடுக்க நாள்கூடக் குறித்தாயிற்று.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் என் மனைவி "பரவாயில்ல டாக்டர், மாத்திரையிலயே சமாளிச்சுக்கறேன்" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். பேசும்போது மூச்சு வாங்கறாங்களா?"

"அவ அவ்வளவா பேசறதே இல்ல மேடம்" என்றேன். "முன்னாடி எல்லாம் சண்டைன்னா தெருவே கேக்கும். இப்ப ரொம்பப் பொறுமை."

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு அவளிடம், "எப்பலேருந்தும்மா சண்டை போடறதில்ல?" என்று கேட்டார்.

ஜுரம் எப்போதிலிருந்து என்று கேட்பது போலத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள்.

"மாடியேறி வத்தல் காயப்போடறத விட்டேனே... அப்பலேருந்து" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "ஆரம்பிச்சா முடிக்க முடியல டாக்டர். பாதியில மூச்சு வாங்கிடும். இவர் முன்னாடி பாதியில நிக்கறதுக்கு... ஆரம்பிக்காமலே இருந்துடலாம்னு."

ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார் டாக்டர். அவளால் பத்தைத் தொட முடியவில்லை. எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். மூச்சுத் திணறலைப் பொறுமை என்று நினைத்து, அதை ஊருக்கும் சொல்லிப் பீற்றியிருக்கிறேன்.

ஆட்டோவில் திரும்பும்போது பட்டினப்பாக்கம் சிக்னலில் அவள்தான் பேசினாள்.

"ஊசி வேண்டாங்க. ஒருதடவை ஆரம்பிச்சா விட முடியாது. வீடு கைவிட்டுப் போயிடும்."

"அந்த வீட்ல நான் யார்கூட இருக்கறது?" என்று கத்தினேன். கோபத்தில்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது அது கோபமாக இல்லை.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், அம்மாவாண்ட போய் கத்திக்கினு கீற. தண்ணி குடி சார்" என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவில்லை.

ஃபிளாட்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அடுத்தடுத்தவை எங்கள் பிரிட்ஜில் இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே வந்து உட்கார்ந்தன. கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவை யாரையும் திறக்க விடமாட்டேன். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியவில்லை. பணத்தைக் கடலில் போடுகிறோமோ என்று நினைத்தேன், அவளிடம் சொல்லவில்லை. அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். மெல்ல மாத்திரையைக் குறைத்தார்கள். ஒருநாள் நான் வீடு திரும்பியபோது அவள் மொட்டை மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டேன். கண்பட்டுவிடுமோ என்று பயம்.

அதற்குச் சில நாள் கழித்துக் கடைவீதிக்குப் போய் வந்து பையைக் கொடுத்தேன். ஒரு வெண்டைக்காயை எடுத்து முனையை ஒடித்துப் பார்த்தாள். ஒடியவில்லை. இன்னொன்று. அதுவும் ஒடியவில்லை.

"கண்ணு எங்க வச்சிருந்தீங்க?" என்று ஆரம்பித்தாள். கடைக்காரன் உங்கள் முகத்தைப் பார்த்தே அடியில் கிடந்ததை அள்ளிப் போட்டிருக்கிறான் என்றாள். அங்கிருந்து கேஸ் அடுப்புக்குப் போனாள், வீட்டுக்காரர் வெள்ளையடிக்காததற்குப் போனாள், என் மூக்குக்கண்ணாடிக்குப் போனாள். என் தங்கை கல்யாணப் பந்திக்கு வந்து சேர்ந்தாள். அவள் அண்ணன் இலையிலேயே கைகழுவிவிட்டு எழுந்துபோன இடம் வரைக்கும் போனாள். எங்கேயும் நிற்கவில்லை. எதிர்வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். கண் மறைத்தது.

"நான் பாட்டுக்குக் கத்தறேன், கேக்கறீங்களா இல்லையா?"

"கேக்கறேன்" என்றேன். "நீ சொல்லு."

மறுநாளும் அதே கடைக்குப் போய், முத்தலாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தேன்.