மாலையெல்லாம் அத்தானுக்கு

பம்பாய்த் தாராவியில் எங்கள் சந்திலிருந்துதான் முதன்முதலாக ஒரு தமிழ்ப் பெண்ணை மாநகராட்சித் தேர்தலில் நிறுத்தினோம் என்று எங்கள் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் இன்றும் மேடையில் மார்தட்டுகிறார்கள். கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. அறுபதுகளில் நான் கல்யாணமாகி அங்கே வாழ வந்த புதிது. அந்தப் பெருமை வந்த கதை எனக்குத் தெரியும். சங்கத்தில் இரண்டு கோஷ்டி; எவனும் எவனுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், குழாய் கேட்டு வார்டு ஆபீஸில் சத்தம் போட்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவை நிறுத்தினார்கள். பொம்பளைதானே, சொன்னபடி கேட்பாள் என்ற நினைப்பு.

பிரச்சாரக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்தவன் மனைவி கழுத்தில் மாலை போட எந்த ஆம்பிளைக்கும் துணிச்சல் இல்லை. போட்டால் ஊர் என்ன சொல்லும்? அதனால் அத்தனை மாலையும் அவள் புருஷன் கழுத்தில் விழுந்தன. அத்தானும் வெட்கமில்லாமல் குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டார். வேட்பாளர் ஓரமாக நின்று கும்பிட்டாள்.

அக்கா ஜெயித்தாள். அத்தான் கவுன்சிலர் ஆகிவிட்டார்! மனு கொண்டுவருகிறவர்களை நாற்காலி போட்டு அவர் விசாரிப்பார். அக்கா டீ போட வேண்டும்.

நாங்கள் மாஹிம் பக்கம் போய்த் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தோம். அக்கா மாநகராட்சியில் சண்டை பிடித்து ஒருவழியாக எங்கள் சந்துக்கு ஒரு குழாய் வாங்கினாள். பள்ளம் தோண்ட ஆள் வந்த அன்று, அத்தான் தோரணையாகத் தோல்கிடங்கு முதலாளியின் வாசலைக் காட்டினார். கூட்டத்தில் விழுந்த மாலைகளில் பெரிய மாலை அந்த முதலாளி போட்டது. அங்கே குழாய் வந்தால் தோல் கழுவவே சரியாகிவிடும், எங்களுக்குக் குடிக்கக்கூட மிஞ்சாது.

அக்கா விறுவிறுவென்று வந்து எங்கள் வீடுகளுக்கு முன்னால் நின்றாள். கடப்பாரையோடு நின்ற நம்ம ஊர்க்காரர் அத்தானைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அவிய மூஞ்சிய ஏன் பாக்கிய? ஓட்டு வாங்குனது நான். இங்கன தோண்டுங்க" என்றாள்.

தோண்டினார். எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த சங்கத்து ஆண்களோ வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

அடுத்த தேர்தலில் அந்த இரண்டு கோஷ்டியும் அதிசயமாக ஒன்று சேர்ந்தது. "பொம்பளைய நிறுத்துனது நம்ம தப்புல்லா" என்று சொல்லி, அத்தானையே நிறுத்தினார்கள். அவர் படுதோல்வி அடைந்தார். அடுத்த சந்துக்காரன் காலை வாரிவிட்டான் என்று சங்கத்தில் ஒரே புலம்பல்.

மறுநாள் குழாயடியில் அக்கா குடத்தைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஊருக்குள்ள என்னென்னமோ காரணம் சொல்லுதாவ ஏட்டி. எங்க வீட்டு ஓட்டே அவியளுக்கு விழல."