எட்டாவது ஃபில்டர்

என் பற்கள் வெள்ளையாக இருந்ததால் என் மாமா எட்டு வாட்டர் ஃபில்டர் விற்றார். முதல் ஏழுக்கு நான் பொறுப்பில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். எட்டாவதற்கு அப்படி வாதாட முடியாது.

அப்பாவுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் கோயம்புத்தூரை விட்டு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எண்பதுகளின் பிற்பகுதி. ஓசூர் வாடகை கட்டுப்படியாகாமல் கிருஷ்ணகிரியில் வீடு பிடித்தோம். அப்பா கம்பெனி பஸ்ஸில் போய்வந்தார். அம்மாவுக்குப் பிறந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடுகள் விழும். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இருந்தன. என் வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தன. அம்மா சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வது வெட்கத்தால் என்று அப்பா வெகுநாள் நம்பியிருந்தாராம்.

மாமாவுக்குக் கடைசியில் கிடைத்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. பெங்களூர்க்காரர்களின் ஃபில்டர் கம்பெனி அது. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் பஸ் செலவுகூடச் சொந்தக் கைக்காசு. டை கட்டியே ஆக வேண்டும், அந்த டையையும் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் ஒரு மாடியறையில் எல்லா இளைஞர்களும் வட்டமாக நின்று, இன்று நான் ஜெயிப்பேன் என்று இங்கிலீஷில் கத்திக் கைதட்டிவிட்டுத்தான் தெருவில் இறங்குவார்கள். ஒரே மாதத்தில் எட்டு விற்றால் ஓசூர் கிளையில் நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மாமாவுக்குப் பர்கூரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, அடுத்த மாதம் தெரிந்துவிடும் என்று மாமா பதில் சொல்லியிருந்தார்.

பத்து நாளாகியும் ஒன்றுகூட விற்கவில்லை. மாமா தமிழில் பேசினார், தெலுங்கில் பேசினார், தெரிந்த அளவு கன்னடத்திலும் பேசிப் பார்த்தார். டையைப் பார்த்ததுமே, சீட்டுக் கம்பெனிக்காரன் என்று கதவைச் சாத்தினார்கள். கூட ஒரு குழந்தை இருந்தால் திறப்பார்கள் என்று யாரோ யோசனை சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கதவு திறந்தது. அந்த வீட்டு அம்மாள் மாமா தூக்கி வந்திருந்த ஃபில்டரின் எவர்சில்வர் டிரம்மையும் அதன் குழாயையும் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாப்பாவுக்கு மட்டும் பல்லு எப்படி இவ்ளோ வெள்ளையா இருக்குது?"

மாமா கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: "அக்கா பொண்ணுங்க. எங்க வீட்ல இந்த ஃபில்டர் தண்ணிதாங்க."

எங்கள் வீட்டில் இருந்தது மண்பானை. என் பல்லுக்குக் காரணம் ஒன்பது வருடம் நான் குடித்த கோயம்புத்தூர்த் தண்ணீர். ஆனால் ஃபில்டர் விற்றுவிட்டது. திரும்பி வரும் வழியில் மாமா எனக்குச் சேமியா ஐஸ் வாங்கித் தந்தார்.

மாமா பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. கடைக்காரர் மீதியைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிற ஆள். பொய் சொல்லச் சொல்லிக் கம்பெனியும் சொல்லவில்லை. விற்றால்தான் சோறு என்று மட்டும் சொல்லியிருந்தது. மீதியை அவரவர் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

நான் நடந்ததைப் பெருமையாக அம்மாவிடம் சொல்ல, இனிமேல் குழந்தையைக் கூட்டிப் போகாதே என்று அம்மா கண்டித்தாள். இந்த மாதம் மட்டும் என்று மாமா கெஞ்சினார். பர்கூர்ப் பெண்ணை நினைத்து அம்மா பேசாமல் இருந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் மாமாவும் தெருத்தெருவாகப் போனோம். எப்போது சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே எனக்குப் பிடிபட்டுவிட்டது. மாமா "எங்க வீட்ல" என்று தொடங்கியதும் சிரிப்பேன். ஏழு வீட்டில் கேட்டுக் கேட்டு, அது உண்மை என்றே எனக்கும் ஆகிவிட்டது. கோயம்புத்தூர் மறந்தே போனது.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. ஏழில் நின்றது. மாமா முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ரத்னா வீட்டுக்குப் போலாம் மாமா" என்றேன்.

முனிரத்னா என் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் முன்பற்கள் நன்றாகவே பழுப்பேறியிருந்தன. பையன்கள் துருப்பல் என்று கூப்பிடுவார்கள். பாடம் ஒப்பிக்கும்போதுகூட வாய்க்கு நேரே புத்தகத்தைப் பிடித்துக்கொள்வாள். அவள் அம்மா சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவார், மற்ற மாதங்களில் கூலி வேலை. என் கூடப் படிக்கிற பெண்ணின் வீடு என்றதும் மாமா வேண்டாம் என்றார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மாமா அங்கே குரலே எழும்பாமல் பேசினார். ரத்னாவின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மகளைக் காட்டி ஒன்றுதான் கேட்டார்.

"எத்தன நாள்ல வெளுக்குமுங்க?"

மாமா ஃபில்டரின் மூடியைத் திறந்தார், மூடினார். கைக்கு வந்தது போய்விடுமோ என்று எனக்குப் பதறியது.

"ஆறு மாசத்துல" என்றேன் நான். சொல்லிவிட்டுச் சிரித்தும் காட்டினேன்.

ரத்னாவுக்குக் கம்மல் எடுக்கச் சேர்த்துவைத்திருந்த சீசன் கூலியை அவள் அம்மா எடுத்து வந்தார். தெருமுனை திரும்பும்வரை மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டு ஆயிற்று. மேனேஜர் மாமாவை வட்டத்தின் நடுவில் நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பிறகு, அடுத்த மாதத்திலிருந்து கணக்கு பன்னிரண்டு என்றும், அதற்குப் பிறகுதான் நிரந்தரம் என்றும் அறிவித்தார். மாமா அன்று மத்தியானமே டையைக் கழற்றிவிட்டார். பர்கூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் லாரி லோடு எழுதும் வேலைக்குப் போனார். சம்பளம் கொஞ்சம்தான் என்றாலும் மாதாமாதம் வந்தது. கல்யாணமும் நடந்தது.

ரத்னா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடக் குழாயடியில் என்னிடம் பல்லைக் காட்டுவாள். "கொஞ்சம் வெளுத்திருக்கா?" என்பாள். வெளுத்திருக்கிறது என்பேன். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று அவள் ஒரு நாளைக்கு இரண்டு செம்பு ஃபில்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தாள். பல்லில் ஒருமுறை ஏறிய கறை எந்தத் தண்ணீருக்கும் போகாது என்பதும், தண்ணீரில் கரைந்திருக்கிற ஃபுளோரைடை அந்த ஃபில்டர் தொடக்கூட முடியாது என்பதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன.

மூன்றாவது மாதமோ என்னவோ, ஒரு நாள் அவள் நோட்டுப் புத்தகம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாகமாக இருக்கிறது என்றாள். அம்மா பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள். ரத்னா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தாள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லலாம் என நான் தயாராகிவிட்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்து வகுப்பில் உட்கார்ந்ததும், பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க வீட்ல ஃபில்டர் இல்லல்ல. உன் பல்லும் என்னுது மாதிரி ஆயிடும். இதக் குடி."

முழுப்பரீட்சை வரைக்கும் தினமும் கொண்டுவந்தாள். நானும் தினமும் குடித்தேன். நல்லவேளை, இவளுக்கு எதுவும் கேட்கத் தெரியவில்லை, தப்பித்தோம் என்றுதான் குடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.